‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962): மாடிக் காட்சிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து பழைய படங்கள் போடுகிறோம். இதுவரை போட்டதில் அதிகமாகச் சண்டை மூட்டியது இந்த அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம்தான். பாதிப் பேர் "இதுல என்ன இருக்கு" என்று பாதியிலேயே செருப்பைத் தேடுவார்கள். மீதிப் பேர் மறுபடி எப்போது போடுவீர்கள் என்று கேட்பார்கள். இரண்டு தரப்பும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முடிவைத் தொடும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கை உண்டு.

கதையை முதலில் சொல்லிவிடுங்களேன்.

மேரி ஹென்றி என்ற இளம்பெண் இரண்டு தோழிகளோடு காரில் போகிறாள். பையன்கள் சிலர் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறார்கள். குறுகலான ஒரு பாலத்தில் இரண்டு காரும் உரச, பெண்கள் இருந்த கார் ஆற்றில் விழுகிறது. மணிக்கணக்கில் தேடுகிறார்கள், கலங்கல் தண்ணீரில் கார் அகப்படவில்லை. அந்த நேரத்தில் மேரி மட்டும் உடம்பெல்லாம் சேறாகக் கரையேறி வருகிறாள். எப்படித் தப்பித்தோம் என்று அவளுக்கே நினைவில்லை.

கான்சாஸ் மாநிலத்தை விட்டுக் கிளம்பி யூட்டாவில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்குப் போகிறாள். வழியில் இருட்டும் நேரம், கார்க் கண்ணாடியில் வெளிறிய முகத்தோடு ஒருவன் தெரிகிறான். தூரத்தில் ஏரிக்கரையில் பாழடைந்து நிற்கும் ஒரு கேளிக்கை மண்டபம் காரணமே இல்லாமல் அவளை இழுக்கிறது. அந்த ஆளும் அந்த மண்டபமும் அவளை விடுவதாக இல்லை. கதை அவ்வளவுதான்.

யார் எடுத்தது? எவ்வளவு செலவு?

இயக்குநர் ஹெர்க் ஹார்வி. கான்சாஸில் லாரன்ஸ் என்ற ஊரில், சென்ட்ரான் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடங்களுக்கான பாடப் படம், தொழிற்சாலைகளுக்கான விளக்கப் படம் இவைதான் அவருடைய அன்றாடப் பிழைப்பு. நம் தியேட்டர்களில் மெயின் படத்துக்கு முன்னால் அரசாங்கப் படம் ஒன்று ஓடுமே, ஏறக்குறைய அந்த ஜாதி. அதே நிறுவனத்தில் இருந்த ஜான் கிளிஃபர்ட் கதை எழுதினார். வேலைக்கு மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு, ஐந்தாறு பேர் கொண்ட குழுவோடு எடுத்து முடித்தார்கள். நாயகி கேண்டஸ் ஹிலிகாஸ் நியூயார்க்கில் நடிப்புப் படித்தவர். மற்றவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் ஆட்கள். அந்த வெளிறிய மனிதனாக வருவது ஹார்வியேதான். வேறொருவருக்குச் சம்பளம் கொடுக்கிற நிலையில் தயாரிப்பு இல்லை.

செலவு சுமார் 33,000 டாலர் என்பார்கள். 1962ல் ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசு. ஒன்றரை லட்சம் ரூபாயைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே.

காசில்லாமல் எடுத்தது நன்றாகவே தெரிகிறது. உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். இதையெல்லாம் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. குறைகள் குறைகள்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் எந்தெந்தக் குறை எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

பேச்சுக் குரல் பல இடங்களில் உதட்டோடு ஒட்டாமல் நிற்கிறது. மேரியிடம் பேசுகிறவர்கள் பக்கத்தில் இருந்தாலும், குரல் வேறெங்கிருந்தோ வருகிறது. வேறொரு படத்தில் இது எரிச்சல். இங்கே கதையே, ஒரு பெண் மனிதர்களுக்கு நடுவில் இருந்தும் அவர்களோடு ஒட்டாமல் இருப்பதைப் பற்றியது. நல்ல ஸ்டுடியோவில் நேரத்தோடு டப்பிங் செய்திருந்தால் அந்த ஒட்டாமை போயிருக்கும். அப்புறம் அதைக் காட்ட வசனம் எழுத வேண்டியிருந்திருக்கும்.

பேய் வேஷத்தையும் பாருங்கள். முகத்தில் வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, முடிந்தது. ரத்தம், கோரைப்பல், அழுகின சதை எதற்கும் காசில்லை. அதனால் அந்த மனிதன் யாரையும் கடிப்பதில்லை, பிய்ப்பதில்லை. நிற்கிறான், பார்க்கிறான், லேசாகச் சிரிக்கிறான். மாடிப்படிக்குக் கீழே ஒருவன் ஒன்றுமே செய்யாமல் நிற்பதைப் போலத் தொந்தரவு வேறில்லை. ஹார்வியிடம் இன்னும் பத்தாயிரம் டாலர் இருந்திருந்தால் இந்தப் படம் கெட்டுப்போயிருக்கும் என்பது என் கட்சி. இதை மாடியில் சொல்லி நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

நடிப்பு எல்லாமே மரக்கட்டை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. மேரியின் எதிர் அறையில் குடியிருக்கும் ஜான் லிண்டன் என்ற ஆளாக சிட்னி பெர்கர் நடித்திருக்கிறார். காலையில் காப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, அதில் கொஞ்சம் சரக்கையும் ஊற்றிக்கொண்டு, கதவுச் சட்டத்தில் சாய்ந்து வழிகிற வழிசல் இருக்கிறதே, பேயே தேவலாம் என்றாகிவிடும். மாடியில் பெண்கள் இருக்கிற வரிசையிலிருந்து முதல் "சீ" வருவது பேய்க்கல்ல, இவனுக்குத்தான். மேரிக்கோ தனியாக இருக்கப் பயம். அதனால் பிடிக்காத இவனோடு வெளியே போகவும் சம்மதிக்கிறாள். படத்தில் மனசு கனக்கிற இடம் அதுதான்.

அந்த ஏரிக்கரை மண்டபம் செட்டா?

செட் போட ஏது காசு? நிஜ இடம். பெயர் சால்ட்டேர். யூட்டாவின் கிரேட் சால்ட் லேக் என்ற உப்பு ஏரிக் கரையில் 1893ல் திறந்த கேளிக்கை மண்டபம். தண்ணீருக்குள் மரத்தூண் நட்டு, அதன் மேல் குமிழ்க் கோபுரங்களோடு கட்டியது. ரயிலேறி வந்து குளிப்பார்கள், நடனமாடுவார்கள். அந்த ஏரியில் உப்பு மிகுதி என்பதால் உடம்பு தானே மிதக்கும். 1925ல் தீப்பிடித்து, திரும்பக் கட்டினார்கள். ஏரித் தண்ணீர் பின்வாங்கி மண்டபம் வெறும் தரையில் நிற்கும்படி ஆனது. 1958க்குப் பிறகு பூட்டிவிட்டார்கள்.

கலிபோர்னியாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹார்வி இதைப் பார்த்திருக்கிறார். படத்தின் விதையே அதுதான். மண்டபம் முதலில் வந்தது, கதை பின்னால் வந்தது. பிணங்கள் எழுந்து அந்த மண்டபத்தில் நடனமாட வேண்டும், மற்றதை நீ எழுது என்றுதான் கிளிஃபர்டிடம் கேட்டாராம். 1970ல் அதுவும் எரிந்துபோயிற்று. ஆக, அந்தக் கட்டடம் எப்படிப் பாழாகிக் கிடந்தது என்று பார்க்கவும் இந்தப் படம் உதவுகிறது.

தூத்துக்குடி உப்பளங்களுக்கு நடுவே வண்டியில் போனவர்களுக்கு அந்த வெளி புதிதாகத் தெரியாது. நிழலே இல்லாத, கண் கூசும் வெள்ளைத் தரை. பேய்ப்படத்துக்கு இருட்டு வேண்டும் என்ற நினைப்பை இந்தப் படம் பகலிலேயே கலைத்துவிடுகிறது.

நடுவில் சத்தம் நின்றுபோகிறதே, ஸ்பீக்கர் கோளாறா?

இல்லை! தயவுசெய்து ஒயரைத் தொடாதீர்கள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் எழுந்து ஆம்பிளிஃபயர் பக்கம் போய்விடுகிறார், திரையில் அவர் தலை விழுகிறது, முக்கியமான காட்சி போய்விடுகிறது.

நடப்பது இதுதான். மேரி ஒரு கடையில் உடுப்பு போட்டுப் பார்க்கிறாள். திரை தண்ணீர் அலம்புவது போல லேசாகக் கலங்குகிறது. வெளியே வந்து விற்பனைப் பெண்ணிடம் பேசினால் அவள் திரும்பியே பார்ப்பதில்லை. கடைத்தெருவில் கூட்டம், கார்கள், ரோடு வேலை எல்லாம் நடக்கிறது. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரு பூங்காவுக்குள் போய் மரத்தில் கை வைத்து நிற்கிறாள். ஒரு குருவி கத்துகிறது. அதோடு உலகம் திரும்ப வந்துவிடுகிறது.

இதற்கு ஆன செலவு என்ன? ஒன்றுமில்லை. ஒலித்தடத்தில் தெருச் சத்தத்தை எடுத்துவிட்டார்கள். செருப்பை விட்டுவைத்தார்கள். எல்லாச் சத்தத்தையும் எடுத்திருந்தால் அது நமக்கு வந்த செவிட்டுத்தனமாக இருந்திருக்கும். அவளுடைய சத்தம் மட்டும் மிஞ்சுவதால் உலகம் அவளைக் கைவிட்டுவிட்டது என்று ஆகிறது. மாடியில் இந்தக் காட்சி ஓடும்போது கீழே முருகன்குறிச்சிப் பக்கம் போகிற ஆட்டோ ஹாரனெல்லாம் உள்ளே வந்துவிடும். அதனால் இரவு பத்து மணிக்கு மேல்தான் இப்போது போடுகிறோம்.

கோயிலில் ஆர்கன் வாசிக்கிற பிள்ளையை இப்படிக் காட்டலாமா? சபையார் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

நம் ஊர் என்பதால் இந்தக் கேள்வி வந்தே தீரும். நாசரேத், மெஞ்ஞானபுரம், டோனாவூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது பாடகர் குழுவில் இருப்பார்கள், இல்லாவிட்டால் கீபோர்டாவது வாசிப்பார்கள். கோபித்தவர்கள் உண்டு. ஆனால் ஊரிலேயே இந்தப் படத்தை நன்றாகப் புரிந்துகொண்ட கூட்டமும் இவர்கள்தான்.

மேரி பக்தியுள்ளவள் இல்லை. கோயில் அவளுக்குச் சம்பளம் தருகிற இடம், அதை அவளே வெளிப்படையாகச் சொல்கிறாள். ஆரம்பத்தில் ஆர்கன் செய்யும் தொழிற்சாலையில் அவள் வாசிப்பதைக் கேட்ட முதலாளி, இசைக்கு மூளை மட்டும் போதாது, கொஞ்சம் ஆத்துமாவையும் அதில் வை என்கிறார். முதல் தடவை பார்க்கும்போது இது சாதாரணப் புத்திமதி. இரண்டாம் தடவை பார்க்கும்போது வயிற்றைப் புரட்டும்.

அப்புறம் அந்தத் தனி ஒத்திகைக் காட்சி. ஆள் இல்லாத கோயிலில் ஒழுங்காக ஆரம்பிக்கிறாள். மெல்ல மெல்ல விரல்கள் அவள் பேச்சைக் கேட்பதை விடுகின்றன. ராகம் ஆராதனையை விட்டு நழுவிச் சந்தை ராட்டினத்துப் பாட்டாகிறது. கண்ணுக்குள் மண்டபமும் நடனமும் தெரிகின்றன. வெறுங்காலோடு பெடலை மிதிக்கிறாள். குருவானவர் வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தி, தெய்வநிந்தை என்று கத்தி, அந்த இடத்திலேயே வேலையை விட்டு அனுப்புகிறார்.

ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் ஒரு தம்பி இதைப் பார்த்துவிட்டு, "கை தன்னால போறது எங்களுக்கும் நடக்கும் அண்ணாச்சி, ஆனா அது கீர்த்தனைக்குள்ளயேதான் போகும்" என்றான். படம் முழுக்க வருவது ஆர்கன் இசைதான். ஜீன் மூர் அமைத்தது. வாத்தியக் குழு வைக்கக் காசில்லாததால் ஒற்றை வாத்தியம். அதனால் பின்னணி இசை எது, மேரி வாசிப்பது எது, கார் ரேடியோவில் வருவது எது என்று பிரிக்க முடியாமல் போகிறது. பிரிக்க முடியாமல் இருப்பதுதான் நல்லது.

எனக்குப் பயமே வரலையே?

அப்போதே வர வேண்டும் என்று கட்டாயமில்லை. நம் பக்கத்துப் பயம் வேறு தினுசு. சுடலைமாடன் கோயில் கொடையில் நடுச்சாமத்தில் மகுட மேளத்தின் அடி ஏறும்போது, சாமியாடி மயானத்துக்கு ஓடும்போது வருகிற பயம் கூட்டத்தோடு சேர்ந்த பயம். பக்கத்தில் மாமா இருப்பார், சித்தி இருப்பாள், பிடித்துக்கொள்ள ஒரு தோள் இருக்கும். இந்தப் படத்தில் அது கிடையாது. திடுக்கென்று தூக்கிப் போடும் வேலையை இது செய்யாது. பாபநாசத்துக்குக் கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் கண்ணாடியில் உங்கள் முகமே தெரிகிறபோது என்ன நினைக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

ரத்தமோ ஆபாசமோ இல்லை. ஆனால் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சலிக்கும். சலித்த பிள்ளை மாடியில் ஓடும். வேண்டாம்.

ஆங்கிலம் சரியாக வராது. புரியுமா?

புரியும். பேச்சு குறைவு, படம் 78 நிமிடம்தான். போடுவதற்கு முன்னால் நாங்கள் கதையின் முதல் பாதியைத் தமிழில் சொல்லிவிடுகிறோம்.

எச்சரிக்கை: இனி வரும் இரண்டு பதில்களில் முடிவு உடைக்கப்படுகிறது. படம் பார்க்காதவர்கள் அவற்றைத் தாண்டி, படம் ஓடியதா என்ற கேள்விக்குப் போய்விடுங்கள்.

கடைசியில் என்ன ஆகிறது? அவள் முதலிலேயே செத்துவிட்டாளா?

ஆமாம். மண்டபத்தில் வெள்ளைமுகங்கள் ஜோடி ஜோடியாக ஆடுகின்றன. அந்த மனிதனோடு ஆடுகிற வெள்ளைமுகப் பெண் தானே என்று மேரி பார்க்கிறாள். ஓடுகிறாள், மணலில் வளைத்துப் பிடிக்கிறார்கள். மறுநாள் ஆட்கள் வந்து பார்த்தால் காலடித் தடம் நடுவெளியில் நின்றுபோயிருக்கிறது. அந்தப் பக்கம் கான்சாஸில் ஆற்றிலிருந்து காரை இழுக்கிறார்கள். முன் ஸீட்டில் தோழிகளோடு அவளும்.

இந்த முடிவை முதலிலேயே கண்டுபிடித்தவர் எங்கள் மாடி வீட்டு ஆச்சி. மேரி யூட்டாவுக்குக் கிளம்பும் இடத்திலேயே சொல்லிவிட்டார்: "கூடப் போன ரெண்டு பேரும் ஆத்துக்குள்ள கிடக்காளுவ. இவ பெட்டியக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போறா, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. உயிரோட இருக்கவ போவாளா இப்படி?" நாங்களெல்லாம் நடிப்பு சரியில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். ஆச்சி அதைத் தடயமாக எடுத்துக்கொண்டார்.

ஆச்சிக்கு இது புது விஷயமும் இல்லை. நம் பக்கத்தில் பல வீடுகளில் கல்யாணமாகாமல் செத்துப்போன பிள்ளையைக் கன்னி என்று வைத்துக் கும்பிடுவார்கள். ஓலைப்பெட்டிக்குள் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், சீப்பு, கண்ணாடி எல்லாம் இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் பெட்டியை இறக்கி, புதுத்துணி வைத்து, அவளுக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். ஆற்றோடு போன பிள்ளைக்கும் அந்த மரியாதை உண்டு. அகாலமாகச் செத்தவர்களை அலையவிட்டால் ஊருக்கும் ஆகாது, அவர்களுக்கும் ஆகாது என்பது இங்கே உள்ள கணக்கு. மேரிக்கு அப்படி யாரும் இல்லை. நீ செத்துவிட்டாய் அம்மா என்று சொல்லக்கூட ஒரு ஆள் இல்லை. வீட்டுக்காரி வாடகைக்காக, லிண்டன் அவன் எண்ணத்துக்காக, கோயில் வாசிப்புக்காக அவளை வைத்துக்கொள்கிறார்கள். அவளை அவளுக்காகவே கூப்பிடுவது அந்த வெள்ளைமுகக்காரன் ஒருவன்தான். இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் படம் தலைகீழாகிவிடும். துரத்துகிற பேயாகத் தெரிந்தவன், காணாமல் போன பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவனாகத் தெரிவான். அப்போது அந்தச் சிரிப்பு இன்னும் மோசமாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

எல்லாம் கனவு என்று முடிப்பது ஏமாற்று வேலை இல்லையா?

கனவு என்று படம் எங்கே சொல்கிறது? சாகும் நேரத்தில் ஓடிய நினைப்பு என்று ஒரு கூட்டம் வாதாடும். அப்படியானால் மேரி இல்லாத இடங்களில் மற்றவர்கள் அவளைப் பற்றிப் பேசுவதை எப்படிச் சேர்ப்பது? அந்த மணல் தடத்தைப் போலீஸ்காரரும் குருவானவரும் டாக்டரும் நின்று பார்க்கிறார்களே, அது யார் கனவு? அவள் உண்மையிலேயே அங்கே அலைந்திருக்கிறாள். நான் ஆச்சி கட்சி.

படம் ஓடியதா?

ஓடவில்லை. 1962ல் ஹெர்ட்ஸ்-லயன் என்ற விநியோக நிறுவனம் வாங்கி, இன்னொரு படத்தோடு ஜோடி சேர்த்து வெளியிட்டது. அவர்கள் கொடுத்த செக் திரும்பி வந்தது, நிறுவனமும் மூழ்கியது. ஹார்வி பழையபடி சென்ட்ரானுக்கே வேலைக்குப் போனார். கதைப்படம் என்று அவர் எடுத்தது இது ஒன்றுதான்.

பதிப்புரிமை அறிவிப்பைப் படத்தில் போடாமல் விட்டிருந்தார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதனால் உரிமை போயிற்று. நஷ்டம்தான். ஆனால் காசு கொடுக்காமல் போடலாம் என்பதால் அங்கே டெலிவிஷன் நிலையங்கள் நடுராத்திரியில் இதைத் திரும்பத் திரும்பப் போட்டன. தூக்கம் வராதவர்கள் பாதியிலிருந்து பார்த்து, பெயர் தெரியாமலே வருஷக்கணக்கில் நினைவில் வைத்திருந்தார்கள். அப்படிச் சேர்ந்த கூட்டம்தான் இதைக் காப்பாற்றியது. 1989ல் மறுபடி தியேட்டருக்கு வந்து மதிப்பான விமர்சனங்கள் பெற்றது. ஹார்வி அதைப் பார்த்துவிட்டு 1996ல் காலமானார்.

எங்கே கிடைக்கும்? திருட்டுப் படம் ஆகாதா?

ஆகாது. அமெரிக்காவில் பொதுச்சொத்து. இந்தியச் சட்டத்திலும் திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள்தான். 1962 படத்துக்கு அது 2022 முடிவோடு தீர்ந்தது. யூடியூபிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் தாராளமாகக் கிடைக்கிறது. கிரைட்டீரியன் நிறுவனம் புதுப்பித்து 2016ல் ப்ளூ-ரேயாக வெளியிட்டது ஆகச் சுத்தமான பிரதி. இலவசப் பிரதிகளில் சிலது கரிக்கட்டையால் தேய்த்த மாதிரி இருக்கும். ஏரிக் காட்சியை ஓட்டிப் பார்த்து, மண்டபத்துக் குமிழ் விளிம்பு தெரிந்தால் எடுங்கள். நிறமேற்றிய பிரதியும் சுற்றுகிறது, அது வேண்டவே வேண்டாம். அந்த ஆளின் முகத்துக்குச் சதை நிறம் அடித்தால் அப்புறம் என்ன இருக்கிறது?

வீட்டில் பார்க்க ஏதாவது யோசனை?

போனை வேறு அறையில் வையுங்கள். ஹெட்போனைவிட ஒரு ஸ்பீக்கர் நல்லது; சத்தம் நிற்கும்போது உங்கள் வீட்டுச் சத்தம் உள்ளே வர வேண்டும், அடுப்படிப் பாத்திரம், பல்லி, எதுவானாலும். நடுவில் இடைவேளை விடாதீர்கள். கருப்பட்டிக் காப்பியை முன்னாலேயே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இறக்கிய படத்தில் சர்க்கஸ் கோமாளி வருகிறானே?

நீங்கள் எடுத்தது 1998ல் இதே பெயரில், ‘வெஸ் கிரேவன் வழங்கும்’ என்று பேய்ப்பட இயக்குநர் ஒருவரின் பெயரை அடைமொழியாகப் போட்டு வந்த வேறு படம். பெயரும் முடிவின் சாயலும் தவிர பெரிதாகச் சம்பந்தமில்லை. கறுப்பு வெள்ளையா, 1962தானா என்று பார்த்து எடுங்கள்.